கைப்பிடியில் சூடு

"வண்டி நின்னாலும் கைப்பிடி சூடா இருக்கணும் தம்பி. அதுக்கேத்த மாதிரி வயர் பண்ணிக் குடு."

சீனிச்சாமி நீட்டிய பொட்டலத்தை மெக்கானிக் கார்த்திக்ராஜ் பிரித்தான். பைக்குக்கு மாட்டுகிற இரண்டு ரப்பர் கைப்பிடிகள். உள்ளே சூடேற்றும் கம்பி, கூடவே ஒரு சுவிட்ச். பனி கொட்டுகிற ஊர்களில் வண்டி ஓட்டுகிறவர்கள் வாங்கும் சாமான்.

பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து வைகுண்டராஜ் எட்டிப் பார்த்தார்.

"கம்பத்து வெயிலுக்குக் கைப்பிடியில ஹீட்டராக்கும்? அப்படியே சீட்டுக்கு அடியில ஒரு அடுப்பையும் வைக்கச் சொல்லுங்க, போற வழியில தோசை சுட்டுக்கலாம்."

சீனிச்சாமி சிரிக்கவில்லை. "மார்கழிப் பனிக்கு ஒருநாள் மலைக்கு மேல வந்து பாருங்க, தெரியும்."

கார்த்திக்ராஜுக்கு அந்தப் பனி தெரியும். அவரையும் தெரியும். கம்பம்மெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். கார்த்திக்ராஜின் மனைவி மாரீஸ்வரி விடியுமுன் ஜீப் ஏறிக் காய் எடுக்கப் போவது அந்தத் தோட்டத்துக்குத்தான். ஜீப் ஸ்டாண்டில் இவன் அவரைப் பார்த்திருக்கிறான். அவர் இவனைக் கவனித்ததில்லை.

ஏலச்செடியின் தூரில், ஈரத்துக்குள் கைவிட்டுக் கைவிட்டு, மாரீஸ்வரியின் விரல்கள் வெளுத்து மரத்துப் போயிருந்தன. நேற்றுச் சோறு பிசையக்கூட மடங்கவில்லை.

"கை ஓடலைன்னா ஜீப்புல ஏறாதன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாக" என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள். இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்று இருவருமே பேசவில்லை.

அந்த சூப்பர்வைசர்தான் இப்போது தன் கைக்குச் சூடு கேட்டு வந்து நிற்கிறார்.

"நேரா பேட்டரியில குடுத்தா சார்ஜ் இறங்கிரும்ணே."

"காலையில அரைமணி நேரம் தாங்குனாப் போதும். வண்டி கிளம்பலைன்னா இறக்கத்துல உருட்டி எடுத்துக்கிருவேன்."

"நிக்கிற வண்டியில கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு யாருண்ணே உக்காந்திருக்கப் போறா?"

சீனிச்சாமி ரோட்டைப் பார்த்தார். "அதெல்லாம் உனக்கு எதுக்கு? வெளிய பேச்சு வேண்டாம். சொன்னதச் செய்யி, போதும்."

அவர் டீ குடிக்கப் போனதும் கார்த்திக்ராஜ் வண்டியின் டேங்கைக் கழற்றினான்.

பழைய வண்டி. எஞ்சின் ஓடினால்தான் ஹெட்லைட் எரியும். கைப்பிடியிலிருந்து வந்த வயரை அவன் பேட்டரிவரை கொண்டுபோகவில்லை. டேங்குக்கு அடியிலேயே மடக்கி, ஹெட்லைட்டுக்குப் போகும் வயரோடு சேர்த்து முறுக்கி, டேப்பைச் சுற்றினான்.

"என்னப்பா, அவர் கேட்டது வேற மாதிரியில்ல?" என்றார் வைகுண்டராஜ்.

"வண்டி ஓடுறப்ப சூடு வரும். சும்மா நிறுத்திக்கிட்டுக் குளிர்காயணும்னா வராது. அவுகளும் கொஞ்சம் குளிர்ல நிக்கட்டும்."

சீனிச்சாமி திரும்பி வந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடி நன்றாகச் சூடேறியதும் கார்த்திக்ராஜ் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். ரப்பரில் மிச்சச் சூடு இருந்தது.

"தொட்டுப் பாருங்கண்ணே. வண்டி நின்னுதான இருக்கு?"

அவர் இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"நல்லா இருப்ப தம்பி."

மறுநாள் மத்தியானமே மாரீஸ்வரி வீட்டுக்கு வந்துவிட்டாள். தூக்குவாளியைத் திறக்கக்கூட இல்லை.

"என்ன, இந்நேரத்துக்கே?"

"நாளையிலருந்து வர வேண்டாம்ட்டாக."

"அந்த சூப்பர்வைசர்தான? எனக்குத் தெரியும்."

"அவுகளச் சொல்லாதீக. நிப்பாட்டுனது முதலாளி. காலையிலயே நான் எடுத்த காயப் பாத்துட்டு, இவ எதுக்குன்னு கேட்டுட்டாரு. இத்தன நாளும் சூப்பர்வைசர்தான் எனக்காகக் கெஞ்சிக்கிட்டு இருந்திருக்காக."

கார்த்திக்ராஜ் தூக்குவாளியை வாங்கிக் கீழே வைத்தான்.

"தோட்டத்துக்குள்ள நெருப்பு மூட்டக் கூடாது, சருகு பத்திக்கிரும்னு முதலாளி சொல்லிட்டாரு. கை காயறோம்னு நேரத்தப் போக்குறாளுகன்னு வேற திட்டு. அதான் இவுக எங்களுக்குன்னே வண்டியில என்னமோ மாட்டிட்டு வந்திருந்தாக. எடை போடுற கொட்டகைக்குப் பின்னால நிறுத்தி, ஒவ்வொருத்தியா வந்து கைப்பிடியப் பிடிச்சுக் கை காஞ்சுக்கங்கன்னாக. எஞ்சின் ஓடுனா முதலாளி பங்களாவுக்குச் சத்தம் கேட்டுருமாம்."

"பிடிச்சியா?"

"என்னத்தான் மொதல்ல கூப்பிட்டாக. இவ கை தேறுனா வேலை தப்பிக்கும்னாக. பிடிச்சேன். பச்சத்தண்ணி மாதிரி இருந்துச்சு."

அவள் மரத்த விரல்களை முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

"பாவம், அந்த மனுசன். மாட்டுன தம்பி நல்ல வேலக்காரன், நான்தான் எங்கனயோ தப்பா அமுக்குறேன் போலன்னு, ஜீப் என்னைய ஏத்திக்கிட்டுக் கிளம்புற வரைக்கும் அந்த சுவிட்சையே அமுக்கி அமுக்கிப் பாத்துக்கிட்டு நின்னாக."