அமைச்சர் தலையில் மீன்கூடை

"கண்டக்டரைக் கைது செய்!"

பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால், கடியப்பட்டணம் ரோட்டில் பஸ்ஸுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டு ஆனந்தகிருஷ்ணன் போட்ட சத்தம் அது. மீன் நாறுகிறது என்று மீன்காரி மரியபுஷ்பத்தைக் கூடையோடு இறக்கி விட்டிருந்தார் கண்டக்டர் ரசலையன்.

படுத்தவர் எழுந்தபோது கவுன்சிலர். அப்புறம் எம்.எல்.ஏ., எம்.பி. இப்போது டெல்லியில் அமைச்சர். ஒவ்வொரு தேர்தல் போஸ்டரிலும் மரியபுஷ்பம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தாள். கடைசிப் போஸ்டரில் அவளே இல்லை. கூடை மட்டும் ஆனந்தகிருஷ்ணன் தலையில் இருந்தது.

இன்று நாகர்கோவிலில் பாராட்டு விழா. கட்சிக்காரன் டெனிஷ் முந்தின நாளே வந்து மரியபுஷ்பத்திடம் சொல்லிவிட்டான்.

"யக்கா, கூடையோட ரோட்டுல நில்லுங்க. அமைச்சர் தன் கார்லயே ஏத்திட்டுப் போவாரு. மேடையில ஒங்களுக்குப் பொன்னாட."

"பொன்னாட கெடக்கட்டும் மக்கா. நிறுத்தின அஞ்சர மணி பஸ்ஸ திருப்பி விடச் சொல்லணும். சந்தைக்குப் போறதுக்குள்ள மீனு பதம் போவுது."

"காருக்குள்ள பக்கத்துலதான இருப்பிய, நேராச் சொல்லுங்க!"

கார் வந்தது. கேமராக்களும் வந்தன. "அம்மா!" என்று கட்டிப்பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் அமைச்சர். கதவு சாத்திக்கொண்டது. ஏசி ஓடியது.

அடுத்த வளைவிலேயே அமைச்சர் மூக்கைப் பொத்தினார்.

டெனிஷ் திரும்பிப் பார்த்தான். கூடை நிறைய சாளை.

"கூடையக் கொண்டாங்கன்னா மீனோடயா கொண்டாருவிய?"

"வெறுங்கூடைய எவளாவது சொமப்பாளா மக்கா? விழா முடிஞ்ச கையோட வடசேரி சந்தையில விக்கண்டாமா?" அமைச்சர் பக்கம் திரும்பினாள். "ஐயா, அந்த அஞ்சர மணி பஸ்ஸு..."

"டெனிஷ், இவங்கள இறக்கி விடு. பின்னால பஸ்ல வரட்டும்."

கார் நின்றது. கார் போனது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டாப் இல்லாத அந்த இடத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. இறங்கியவர் ரசலையன். மரியபுஷ்பம் கூடையை இறுக்கிப் பிடித்தாள். அவர் அதை வாங்கி பஸ்ஸுக்குள் வைத்தார்.

"ஏறுக்கா."

"கண்டக்டரே, நாறுது!" என்றார் முன்சீட்டுக்காரர்.

"ஜன்னலத் தொறயும். பத்தலன்னா மந்திரி கார் முன்னால போவுது, அதுல ஏறிக்கிடும்."

சீட்டில் உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. "பஸ்ஸக் கேக்கத்தான் போனேன். வாயத் தொறக்க விடல்ல."

"அது நாளைக்கே வருதுக்கா. மீன் டிரிப்புக்கு எவனும் டூட்டி பாக்க மாட்டேன்னுதான் நிறுத்திப் போட்டானுவ. நான் பாக்கேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

மரியபுஷ்பம் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி விசில் ஊதினார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு பஸ் வந்தது. பின்கண்ணாடியில் பசை காயாத போஸ்டர்: 'மீனவப் பெண்களுக்குப் பேருந்தை மீட்டுத் தந்த போராளியே!' அமைச்சர் தலையில் அதே கூடை.

"செய்தது நீரு. ஒம்ம படத்தக் காணோமே கண்டக்டரே?"

கூடையைத் தூக்கி உள்ளே வைத்தார் ரசலையன்.

"எம் படந்தான் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னாலயே டிவியில வந்தாச்சே. ஏறுக்கா, நேரமாவுது."