விட முடிந்தது

“இது என்னடி?”

அடுப்படியிலிருந்து வந்த அக்கா, பாட்டிலை மேசைமேல் ணங்கென்று வைத்தாள். மாவு டப்பாவுக்குப் பின்னால் பழைய துணியில் சுற்றி வைத்திருந்த பாட்டில். மூடிகூடத் திறக்கவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி பொண்டாட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

“கேக்கறேன்ல? என் தம்பி மறுபடி ஆரம்பிச்சுட்டானா?”

“இல்ல அண்ணி. அவர் அதைப் பார்க்கக்கூட இல்ல.”

“பின்ன யார் வாங்கினது?”

“நான்தான்.”



தம்பி லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் வரைக்கும் வேலை செய்யும் இடத்தில் அவனுக்கு ‘டேங்கர்’ என்றுதான் பேர். காலையில் ரொப்பினால் ராத்திரி வரைக்கும் ஓடும் என்று சிரிப்பார்கள். குடியை விட்ட பிறகு அந்தப் பேரைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இன்று மத்தியானம் மேலதிகாரியே அவனை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, “மனுஷன் மனசு வெச்சா என்ன முடியும்னு இவரைப் பார்த்துத் தெரிஞ்சுக்குங்க” என்று பேசினாராம். தம்பி போனில் சொன்னதும், அக்கா ஒரு கேக் வாங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். அதை வெட்டக் கத்தி தேடப் போன இடத்தில்தான் இது.

“உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? அவன் பட்ட பாடு தெரியாதா உனக்கு? கை உதறல்ல ஒரு டம்ளர் தண்ணியைப் பிடிக்க முடியல அவனால. என் வீட்டு ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு, ‘அக்கா, வெளியில பூட்டிடு’ன்னு கெஞ்சினான். பூட்டிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நான் அழுதேன்.”

“தெரியும் அண்ணி.”

“தெரிஞ்சுமா கடைக்குப் போய் நின்னே?”

“எப்படிக் கேட்டு வாங்கறதுன்னே தெரியல. அவர் குடிக்கிறதோட பேரைச் சொன்னேன். அங்க நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க.”

“சிரிக்காம? யாருக்குடி இது? யாராவது விருந்தாளி வர்றாங்களா?”

“அவருக்குத்தான். வேலை விட்டு வந்ததும் கண்ணுல படற மாதிரி வெச்சிடலாம்னு...”

“அடிப்பாவி!”

அக்கா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போனாள். மூடியைத் திருகிக் கவிழ்க்கப் போகும்போது, தம்பி பொண்டாட்டி ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊத்திடாதீங்க அண்ணி. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்.”

“விடுடி கையை! ஊரே அவனைக் கொண்டாடுது, கட்டினவளுக்குப் பொறுக்கல. புருஷன் தலை நிமிர்ந்து நடக்கறது உனக்குக் கண்ணை உறுத்துதா? ஐயோ பாவம் குடிகாரன் பொண்டாட்டின்னு நாலு பேர் உச்சுக் கொட்டினது போச்சேன்னு இருக்கா?”

அவள் கையை விடவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

“குடிச்சுட்டு வந்தா, பாதி அடி சுவத்துலதான் விழும் அண்ணி.”

அக்காவின் கை அப்படியே நின்றது.

“என்ன சொல்றே?”

“நாலு சாத்து சாத்திட்டு, கதவோரமா சரிஞ்சிடுவாரு. ஷூவைக் கழட்டி, போர்த்திவிட்டுட்டு நானும் போய்ப் படுத்துடுவேன். இப்ப தெளிவா வர்றாரு. ஜன்னலைச் சாத்தறாரு. டிவி சத்தத்தைக் கூட்டி வெக்கறாரு. ஒரு அடிகூட தப்பறதில்ல. அதுவும் வெளியில தெரியாத இடமாப் பார்த்து...”



“குடிவெறியிலதானேடி கை நீட்டினான்? அதைத்தான் விட்டுட்டானே!”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்.”

அக்கா பாட்டிலைத் தொட்டி ஓரத்தில் வைத்தாள். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க.”

அக்காவுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. தம்பியை எப்படியாவது தூக்கி நிறுத்திவிட ஒரு பிடி கிடைக்காதா என்று தேடுகிற மாதிரி கேட்டாள்.

“அப்படின்னா எதுக்குடி அவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனே? குடியை நிறுத்தச் சொன்னதே நீதானே?”

“நான் எங்க அண்ணி அதைச் சொன்னேன்? ‘எல்லாத்தையும் ஒரேயடியா மாத்த முடியாது, ஏதாவது ஒண்ணை மட்டும் விடறதுன்னு முடிவு பண்ணுங்க, ஆனா கடைசி வரைக்கும் உங்களால காப்பாத்த முடியறதா இருக்கணும்’னாரு டாக்டர். பஸ்ஸுக்கு நிக்கும்போது, ‘நீயே சொல்லு, எதை விடட்டும்’னு கேட்டாரு. ‘என்னை அடிக்கறதை விட்டுடுங்க’ன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னான்?”

“பஸ் வர்ற வரைக்கும் யோசிச்சாரு. அப்புறம், ‘அது நம்மால ஆகாது, குடியை வேணா விட்டுடறேன்’னாரு.”