தாங்கும் ஊசி

மக்காச்சோளப் பயிருக்குக் களைக்கொல்லியைத் தாங்கும் குணத்தைக் கொடுத்த கம்பெனி, இந்த வருஷம் அதைக் கூலியாட்களுக்கும் ஊசியாகப் போட்டது. இனி மருந்தடிக்கும்போது யாரும் வேலையை விட்டு வரப்பேற வேண்டாம். மேலாளர் மாலையும் கழுத்துமாக அரைமணி நேரம் முழங்கினார்: "பயிரும் நீங்களும் எங்களுக்கு ஒரே குடும்பம்."

கைதட்டல் ஓய்ந்ததும், உரம் வைக்கும் அம்சவல்லி கேட்டாள்: "எனக்குப் போட்டாச்சுங்க. வயித்துல நாலு மாசம். அதுக்கும் தாங்குமாங்க?"

மேலாளர் ஊசி போட்டவர்கள் பட்டியலைப் பார்த்தார். "அது பேரு இதுல இல்லையேம்மா. ஊசி போடாம வயலுக்குள்ள வளர்றது எதுவும் எங்களுக்குக் களைதான்."

"அப்ப நான் வரப்புல நிக்கட்டுங்களா?"

"தாராளமா நில்லும்மா. நாளையிலேர்ந்து உன் வரிசைக்கு வேற ஆள் வந்துரும்."

தலைக்கு மேல் மருந்தடிக்கும் ட்ரோன் எழும்பியது. அம்சவல்லி காலி உரச்சாக்கை நாலாக மடித்து வயிற்றில் கட்டிக்கொண்டு வரிசைக்குள் இறங்கினாள்.