பிழைச் செய்தி

எம்ப்ராய்டரி டிசைன் போடும் சாப்ட்வேர் இந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஓடாது என்று விற்றவர்களே சொல்லியிருந்தார்கள். சண்முகக்கனியின் மகள் இந்துஜாதான் ஏதேதோ செய்து ஓட வைத்தாள். அவள் இறந்த பிறகு, டிசைனில் ரோஜா இதழைத் தொட்டாலே அது நின்றுவிடுகிறது. நிற்கும்போதெல்லாம், பிழைச் செய்தி வரவேண்டிய இடத்தில் அவள் எழுதிவைத்த வரி வருகிறது: "எம்மா, எதையும் தொடாத. நான் வந்து பாக்கேன்."

பழுது பார்க்க வந்த இசக்கிராஜ் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டான். "இத மாத்திட்டா இனி நிக்காதுக்கா."

"அப்ப இந்த எழுத்து?"

"அதுவும் வராது."

சண்முகக்கனி திரையையே பார்த்தாள். பிறகு மவுஸின் மேலிருந்த அவன் கையை மெல்ல விலக்கினாள்.

"தொடாதன்னு சொல்லிருக்கால்லா தம்பி. அவ வரட்டும்."