கதவோரத்து வெளிச்சம்

பழைய கேமராவுக்குள் வந்த அன்றே ஃபிலிம் சுருளுக்கு முதுகு சுட்டது. வெளிச்சத்தைத் தடுக்கப் பின்கதவின் ஓரத்தில் ஒட்டியிருந்த பஞ்சு உதிர்ந்து, மயிரிழை அளவு வெளிச்சம் உள்ளே கசிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, கதவோரம் வெளிச்சம் வருது. எனக்கு எரியுது" என்றது சுருள்.

"என் கதவுல ஒரு குறையும் இல்லை. உனக்குத்தான் பூஞ்சை உடம்பு" என்றது கேமரா.

"ஷட்டரைக் கொஞ்சம் மக்கர் பண்ண வைங்கண்ணே, ரிப்பேருக்குக் கொண்டுபோவாங்க. ரிப்பேர்க்காரர் பார்த்தா, ஓரத்துல கறுப்பு டேப் ஒட்டிடுவார்."

"டேப்பை ஒட்டிக்கிட்டு நாலு பேர் முன்னால நான் எப்படிப்பா நிக்கிறது?"

கேமராவின் சொந்தக்காரி இசைவாணி, படுக்கையில் கிடந்த அப்பாவைப் படமெடுத்தாள். அவளுக்காக அவர் சிரமப்பட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சுருள் எரிச்சலோடு எரிச்சலாக இறுகப் பிடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் அவர் இறந்துபோனார்.

படங்கள் கழுவி வந்தன. எல்லாவற்றிலும் அவர் முகத்தின் மேல் தீப்பட்டதுபோல் ஒரு செந்நிறத் தீற்றல். இசைவாணி ஜன்னலோரம் நின்று, ஒவ்வொன்றிலும் அந்தச் சிரிப்பை நெடுநேரம் தேடினாள்.

"ஃபிலிம் சரியில்லை" என்று சுருளைக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு முந்தானையால் கேமராவைப் பதமாகத் துடைத்து அலமாரியில் வைத்தாள்.