வெள்ளை ஃபில்டர்

தமீம் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, கோடையில் கடைத்தெருவில் வாங்கித் தானே மாட்டியிருந்த ஏசி ஃபில்டரை உருவினார். கரி கொட்டும் என்று தரையில் பழைய துணி விரித்திருந்தார். ஃபில்டரோ மாட்டிய நாளில் இருந்ததுபோல் வெள்ளையாக இருந்தது.

"பாத்தியா, தூசே படல. நல்ல சரக்கு," என்று மனைவி ஜுலைகாவிடம் காட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. "நம்ம வீட்டு ஜன்னல் ஒரே நாள்ல கறுத்துப்போவுது. இது மட்டும் எப்படிங்க வெள்ளையா இருக்கும்?"

தமீம் காரிடமே கேட்டார்.

"இது எங்கள் நிறுவனத்தின் ஃபில்டர் அல்ல," என்றது கார், இதமான குரலில். "அதனால் ஃபில்டர் வழியாகக் காற்று வரும் பாதையை, நீங்கள் மாட்டிய அன்றே மூடிவிட்டோம். வெளிக்காற்று வடிகட்டப்படாமல் வேறு வழியாக நேராக உள்ளே வருகிறது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கள் கேட்கவில்லை."

அதற்குள் பள்ளிக்குக் கிளம்பிவந்த மகள் ஹஸீனா பின்சீட்டில் ஏறி, கதவைச் சாத்தி, தினமும் செய்வதுபோல் முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தமீம் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, அதை எடுத்து அவள் முகத்தில் அழுத்தினார்.

"காருக்குள்ள காத்து சுத்தம், இது வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க அத்தா," என்றாள் அவள், இருமலுக்கு நடுவே.