பதினேழு வரி

இந்தப் புராஜெக்ட் தேர்வில் தேறாவிட்டால் கிறிஸ்டோபருக்கு ஓராண்டு போச்சு. ஹடப்சர் கல்லூரி அறையில், ஒரே ஸ்லைடில் தான் அடைத்துவைத்த பதினேழு வரிகளை, தேர்வாளருக்கு முதுகைக் காட்டி நின்று படிக்கிறான். அவன் மூன்றாவதில் இருக்கும்போதே தேர்வாளர் தேஷ்பாண்டே மேடம் பதினேழையும் முடித்துவிட்டுப் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறார். புரொஜெக்டரின் விசிறி முனகுகிறது. "டேய், அவங்களுக்கும் படிக்கத் தெரியும்டா. இங்க திரும்பு," என்று பல்லைக் கடிக்கிறாள், சேர்ந்து புராஜெக்ட் செய்த நஸ்ரின். அவன் திரும்புவதாய் இல்லை. அவள் லேப்டாப்பில் ஒரு பொத்தானைத் தட்ட, திரை இருண்டுபோகிறது. பேனா மூடி நிற்கிறது. கிறிஸ்டோபர் திடுக்கிட்டுத் திரும்புகிறான். மேடத்தின் கண்கள் நேராக அவன்மேல். "போலோ, பேட்டா," என்று இந்தியில் பேசச் சொல்கிறார். அவன் மறுபடியும் முதுகைக் காட்டி, காலித் திரையிலிருந்து நான்காம் வரியை அட்சரம் பிசகாமல் படிக்கிறான்.